பின்னால் போன மோட்டார்

இருதயநாதன் முதல் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை மெதுவாக எடுத்தார். மணப்பெண்ணோடு மோட்டார் கிளம்பியது. கிளம்பியது என்னவோ வாஸ்தவம்தான், பின்பக்கமாகக் கிளம்பியது.

பந்தல்கால் ஒன்று சாய்ந்தது. வாழைமரம் படுத்தது. சர்பத் பானை சுக்குநூறாயிற்று. தட்டு ஏந்தி நின்ற பெண்கள் நாலா பக்கமும் சிதறினார்கள்.

பிரேக்கை மிதித்து நிறுத்தினார். மறுபடி முதல் கியர் போட்டார். வண்டி மறுபடியும் பின்னால்தான் போயிற்று.

பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த அவருடைய கல்லூரி மாணவர்கள் இருபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மனிதர் பௌதிகம் நடத்துகிறவர். வண்டி, ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவரிடம் வாங்கிய பதினைந்து வருஷத்துப் பழசு. மெக்கானிக் என்றால் திருடன் என்பது அவருடைய கட்சி. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கோடை விடுமுறை பூராவும் இன்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு எல்லாவற்றையும் தாமே பிரித்துத் தாமே மாட்டினார். கல்லூரி திறந்த பிறகு அந்தப் பெருமையை வகுப்பில் பேசாத நாளில்லை.

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். அக்கா மகள் லூர்துராணியின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்ததை வெள்ளோட்டம் விட்டுத் தீர்க்க மனம் வரவில்லை. அதனால் பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு, ஸீட்டில் உட்கார்ந்தபடியே கியரைப் போட்டுப் பார்த்தார். சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. திருப்தியாகிவிட்டார்.

எதிர்ப் பட்டறை மீரான் பாய் அன்றைக்கே ஓடிவந்து சொன்னார்: "சக்கரம் எந்தப் பக்கமாச் சுத்துதுன்னு ஒரு தடவை இறங்கி வந்து பாருங்க சார்."

வேலை பிடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார் இருதயநாதன். பௌதிகம் எனக்கே சொல்லித் தருகிறாயா, போய் உன் வேலையைப் பார் என்று தெருவே கேட்கும்படி விரட்டினார்.

இப்போது புரிந்தது. பின் அச்சுக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறார். முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக மூன்று கியர் என்று ஆகிவிட்டது. வெட்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

பெண்ணைப் பெற்ற தைரியராஜ், கல்யாணத்துக்காக மைத்துனர் வீட்டுக்கு முந்தாநாள்தான் முசிறியிலிருந்து வந்து இறங்கியவர். "யாருய்யா இந்த வண்டியை ரிப்பேர் பண்ணினது?" என்று கத்தினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மீரான் பாய் வந்தார்.

"நான்தாங்க. சார் மத்த வேலையெல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்காரு. பின் அச்சை மட்டும் எங்கிட்ட விட்டாரு. நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

இருதயநாதன் வாயைத் திறந்தார். மாணவர்களின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. எல்லார் கண்ணும் மீரான் பாய்மேல் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

தைரியராஜ் வாய்க்கு வந்தபடி ஏசினார். இனிமேல் பாலக்கரையில் எவனும் உன் பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான் என்றார். மீரான் பாய் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். மணப்பெண் குதிரை வண்டியில் மாதா கோவிலுக்குப் போனாள்.

பூசையில் இருதயநாதனுக்கு மனம் ஒட்டவில்லை. பாவத்தை ஒப்புக்கொண்டு எல்லாரும் மார்பில் தட்டிக்கொண்டபோது அவருக்கு மட்டும் கை எழவில்லை. இவ்வளவு கேவலமான ஆளா நான் என்று கூசினார்.

திரும்பி வந்தபோது மீரான் பாய் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அச்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் புறப்படுவதற்குள் முடித்துவிடலாம் என்றார். இருதயநாதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டார்.

"நாளைக்கு அந்தப் பசங்க முன்னாடி நின்னு நீங்க பாடம் நடத்தணுமே சார்."

அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. விடுவிடுவென்று பந்தி நடக்கிற இடத்துக்குப் போனார். தைரியராஜும் மாணவர்களும் உறவு ஜனமும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க," என்றார். "மீரான் பாய் அந்த வண்டியில விரலைக்கூட வைக்கலை. பின் அச்சையும் நான்தான் மாட்டினேன். அவர் முன்கூட்டியே எச்சரிக்கை பண்ணினார். அவரை விரட்டினதும் நான்தான்."

தைரியராஜ் எச்சில் கையோடு எழுந்து வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"படிச்ச மனுஷன்னா இப்படி இருக்கணும்," என்றார். "ஒரு தொழிலாளி பொழைப்புல மண் விழுந்துடக் கூடாதுன்னு, அவன் பண்ணின தப்பைத் தன் தலையில போட்டுக்கிறார் பாருங்க."

மாணவர்கள் கைதட்டினார்கள். இல்லை, சத்தியமாக நான்தான் என்று இருதயநாதன் சொல்லச் சொல்லக் கைதட்டல் பலமானது. யாரோ ஒரு மாலையைக் கொண்டுவந்து அவர் கழுத்தில் போட்டார்கள்.

தைரியராஜுக்கு அதோடு மனம் ஆறவில்லை. மாலையும் கழுத்துமாக இருதயநாதனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். வண்டிக்கு அடியில் குனிந்து, "ஏம்ப்பா, உனக்காக இவ்வளவு தூரம் பேசுற மனுஷர்கிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும்னு கூடவா உனக்குத் தோணலை?" என்றார்.

மீரான் பாய் வெளியே வந்தார். கையிலிருந்த கிரீஸைக் கைலியில் துடைத்துக்கொண்டார். இருதயநாதனைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க சார்," என்றார்.