பெற்றோர் கையொப்பம்

பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒப்புதல் படிவத்தை நீட்டினாள். எதிரே கன்னம் வீங்கிய பதினாறு வயதுப் பெண். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர்.

"கடைவாய்ப் பல்லை எடுக்கணும். அப்பா கையெழுத்து வேணும்."

"பல்லு என்னோடது, வலியும் என்னோடது. கையெழுத்து மட்டும் அவரோடதா?" என்றாள் பெண்.

"பதினெட்டு ஆகட்டும், நீயே போடு. சார், பொண்ணு பிறந்த தேதி?"

சட்டென்று சொன்னார்.

"ஒத்துக்காத மருந்து?"

"பெனிசிலின். ஆறு வயசுல போட்டு உடம்பெல்லாம் தடிச்சிடுச்சு. அப்ப எடை பதினெட்டு கிலோ."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க அப்பா இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெண் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வரலாறு டியூஷன் சார். பஸ்லதான் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"இருபது வருஷமா இந்த மேஜையில இருக்கேன். இதைக் கேட்டா எந்த அப்பாவும் பொண்ணு மூஞ்சியத்தான் பார்ப்பார். நிஜ அப்பா எங்க?"

"உப்புத் தண்ணியில கொப்பளின்னு நாலு நாளா சொல்லிட்டிருக்கார். வரமாட்டார்."

நர்ஸ் எண்ணை வாங்கி அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"பல் ஆஸ்பத்திரி சார். உங்க பொண்ணுக்குப் பல்லுல சீழ் வெச்சிருக்கு. இன்னிக்கே எடுக்கணும்."

"சீழா? ஐயோ! இதோ கிளம்பிட்டேன். எங்க வேணாலும் கையெழுத்து போடறேன்!"

"அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. பொண்ணு எத்தனாவது படிக்குது?"

ஸ்பீக்கரில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"அவ பக்கத்துலதானேம்மா இருக்கா? அவளையே கேளுங்களேன்."

"இவர்தான் அப்பா," என்று நர்ஸ் பேனாவை எடுத்தாள்.