கூட்டாளிக்கு ஒரு சந்தேகம்

"எனக்கில்ல மேடம். என் கூட்டாளிக்கு ஒரு சந்தேகம்," என்றபடி அவர் என் எதிரில் உட்கார்ந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

லிங்கி ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் செம்பனைத் தோட்டத்து மண்டபத்தில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச சட்ட உதவிக்கு மேசை போடுகிறோம். வக்கீல் என்று நான் ஒருத்திதான். பக்கத்து மேசையில் பிரஷர் பார்ப்பார்கள், அங்கேதான் கூட்டம். ஆறு வருடமாக உட்காருகிறேன், போதை வழக்கு என்றால் எவரும் தனக்காக வந்ததே கிடையாது. எல்லாருக்கும் ஒரு கூட்டாளி இருப்பான். பழகியவன் அவன், மாட்டிக்கொண்டவன் அவன். வந்தவருக்கு ஒன்றுமே தெரியாது, பாவம்.

நானும் துருவமாட்டேன். பாரத்தில் பெயர் எழுதும் இடத்தில் 'கூட்டாளி' என்றே எழுதிவிடுவேன். மானம் போகாமல் பேச ஓர் இடம் வேண்டுமல்லவா? அடுத்த சந்திப்பில் உண்மைப் பெயர் தானாக வந்துவிடும்.

இவருக்கு நாற்பது வயதிருக்கும். தன் பெயர் ஹேமநாதன் என்றார். கூட்டாளியின் பெயரை நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்பது?

கூட்டாளி பன்னிரண்டு வருடம் ஹெரோயினில் கிடந்தவன். இப்போது ஒன்றேகால் வருடமாக அரசாங்கக் கிளினிக்கில் அதை விடுவதற்கான மெத்தடோன் மருந்து குடிக்கிறான். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. காலையில் நர்ஸ் முன்னால் குடித்து, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கு வேலைக்குப் போகிறான்.

கோர்ட் அவனுக்கு இரண்டு வருடக் கண்காணிப்பு விதித்திருந்தது. மாதாமாதம் வேறோர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே அவன் போகவே இல்லை.

"தெனமும் கவர்மெண்ட் புத்தகத்துலதானே சைன் பண்றோம், அதுவே போதும்னு நெனச்சிட்டான் மேடம். ரெண்டும் ஒரே கவர்மெண்ட்தானே லா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் ஒரு முறை பெயர் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஆயிற்று என்று பழகிய குடும்பங்கள் இவை. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தோடு பேசாது என்பதை இவர்களுக்கு யார் சொல்வது?

வழக்கானது. கோர்ட்டுக்கு வரச் சொன்ன கடிதம், எப்போதோ இடித்துப்போட்ட பழைய லயத்து வீட்டு விலாசத்துக்குப் போனது. வராதவனுக்கு வாரண்ட் போட்டுவிட்டார்கள்.

ஹேமநாதனுக்குத் தண்டனையைப் பற்றிக்கூட அவ்வளவு பயமில்லை. இன்றைக்குப் பிடிபட்டால் மருந்தில்லாமல் லாக்கப்பில் கிடக்க வேண்டும், அதைத்தான் அவரால் நினைக்க முடியவில்லை.

"முன்ன ஒரு தடவ ரெண்டு நாளு உள்ள இருந்தான். அவன் நடுங்குன நடுக்கத்த என் கண்ணால பார்த்தேன் மேடம். வெளிய வந்த அன்னிக்கே மறுபடியும் அந்தக் கருமத்தத் தொட்டுட்டான். இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா ஆளு மிஞ்ச மாட்டான்."

லாக்கப்புக்குள் நடுங்கியதை வெளியே இருக்கிறவர் எப்படிக் கண்ணால் பார்ப்பாராம்? அண்ணன் வாய் தவறிவிட்டார். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குள் சின்னதாக ஒரு பெருமை. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அந்தப் பெருமையை நினைத்து வெட்கமாகிவிட்டது.

வழியைச் சொன்னேன். நாளை காலை எட்டு மணிக்குக் கிளினிக்கில் மருந்தைக் குடித்துவிட வேண்டும். கையெழுத்துப் பக்கங்களின் நகலையும் ஒரு கடிதத்தையும் கையோடு கேட்டு வாங்க வேண்டும். ஒன்பது மணிக்கு என்னோடு கோர்ட்டில் வந்து நிற்க வேண்டும். பிடித்துக்கொண்டு வரப்பட்டவனுக்கும் தானாக வந்து நிற்பவனுக்கும் மாஜிஸ்திரேட் கண்ணில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதிலும் நானூறுக்கு மேல் கையெழுத்து இருக்கிறது. ஓடி ஒளிந்தவன் தினமும் அரசாங்கப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவானா என்று கேட்பேன். ஜாமீன் கிடைக்கும், மறுநாள் மருந்தும் தவறாது என்றேன்.

அவர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டார்.

"கூட்டாளிகிட்ட சொல்லுங்கண்ணே," என்று அந்த வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். "இன்னிக்கு எங்கயும் சுத்தாம வீட்டோட இருக்கட்டும். நடுவுல புடிச்சிட்டா எல்லாம் கெட்டுடும்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் புடிக்க மாட்டாங்க மேடம்."

எனக்குச் சுருக்கென்றது. இப்படித் தைரியமாகப் பேசிவிட்டு அன்று மாலையே ரோட்டில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். இந்த மனிதர் நாளைக்கு வராமல் போய்விடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

"அது எப்படி நீங்க சொல்றீங்க? வாரண்ட் எந்தப் போலீஸ்காரர் கையில இருக்கோ, அவரு எப்ப வருவாரோ!"

அவர் பிரஷர் மேசைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஸ்டேஷன்ல என் டிராவர்லதான் இருக்கு மேடம். வெள்ளிக்கிழம சார்ஜன் என்கிட்டதான் கொடுத்தாரு. ஒரே லயத்துல பொறந்தோம், என் கையால அவனுக்கு வெலங்கு மாட்ட மனசு வரல. நாளைக்கு ரெண்டு மணிக்கு எனக்கு டூட்டி. அதுக்குள்ள அவன கோர்ட்ல நிக்க வச்சிடுங்க."