யூசு போதை

"அண்ணா, அம்மா குடிக்கிறாங்க."

தங்கை போனில் சொன்னதுமே பிரின்சிபால் காரை எடுத்துவிட்டார். அம்மாவைப் பார்க்க வரச்சொன்னால் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. கண்டிப்பதற்கு என்றால் உடனே கிடைத்துவிடும்.

தங்கை சொன்னது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பால்கனியில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அம்மா, இன்னொன்றில் தங்கையின் புருஷன். இருவர் கையிலும் உயரமான கிளாஸ்.

தங்கை வாசலிலேயே அவர் காதைக் கடித்தாள்.

"ஒரு மாசமா இதே கூத்துதாண்ணா. இவர் வீடியோ பார்த்து ஜின் காக்டெயில் கத்துக்கிட்டார். சரி, பல் டாக்டர், நாள் பூரா அடுத்தவங்க வாயைப் பார்த்துட்டு வர்ற மனுஷன், ஒண்ணு குடிச்சா குடிச்சிட்டுப் போகட்டும்னு விட்டேன். இப்ப அம்மாவும் கூட்டு சேர்ந்தாச்சு. 'மாப்பிள்ளை, எனக்கும் ஒண்ணு'ன்னு கூச்சமில்லாம கேக்கறாங்க."

பிரின்சிபால் பால்கனிக்குப் போனார். கல்லூரி ஆண்டு விழாவில் ஒழுக்கம் பற்றிப் பேசும் அதே குரல்.

"அம்மா, இந்த வயசுல உனக்கு இது தேவையா?"

அம்மா கிளாஸைக் கீழே வைத்தாள். பிரின்சிபால் பல் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, நீங்க படிச்சவர். மாமியாருக்கு ஊத்திக் கொடுக்கறீங்களே, நாலு பேருக்குத் தெரிஞ்சா என் பேர் என்ன ஆகும்?"

"யூசுதான் மச்சான்," என்றார் பல் டாக்டர், பழியைப் பழத்தின் மேல் போடுகிறவர் மாதிரி.

"இனிமே ஒரு நிமிஷம் அம்மா இங்க இருக்கக்கூடாது. நான் கூட்டிட்டுப் போறேன். அம்மா, பெட்டியைக் கட்டு."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா போனதிலிருந்து மகன் வாயில் வராத வார்த்தை அது. மகன் வீட்டில் முதலில் பெயிண்ட் வேலை நடந்தது. அப்புறம் பேரனுக்குப் பரீட்சை. அப்புறம் மறுபடியும் பெயிண்ட்.

"நிஜமாவாடா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து உள்ளே போனாள். நடையில் ஒரு வேகம் வந்திருந்தது. தங்கையும் உதவிக்குப் பின்னாலேயே போனாள்.

பெட்டி கட்ட நேரமாகும். பிரின்சிபால் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டில் மஞ்சளாக, தோலெல்லாம் மேடும் பள்ளமுமாக நாலைந்து பழம் இருந்தது.

"இதுதானா அது?"

"ஆமா மச்சான். ஜப்பான் பழம், எலுமிச்சைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வெச்சுக்கங்க. உள்ளே பாதி கொட்டைதான். வாசனை பூரா தோல்ல."

"நான் இதெல்லாம் தொடறதில்லை. ஆனா ஒண்ணைக் கண்டிக்கணும்னா, அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கண்டிக்கறதுதான் நியாயம்."

பல் டாக்டர் சமையலறைக்குப் போய், குலுக்கிக் கலந்து எடுத்து வந்தார். பல் பிடுங்கும் கவனத்தோடு தோலில் ஒரு சுருள் சீவி மேலே மிதக்கவிட்டுக் கொடுத்தார்.

முதல் கிளாஸில் நியாயம் முழுசாகப் பிடிபடவில்லை. இரண்டாவது கேட்டார்.

"ஜின் நல்ல ஜின். இறங்கும்போதே தொண்டையில சுர்ருங்குது," என்றார், தொடாதவர்.

மூன்றாவதில் சட்டையின் மேல் பட்டன் கழன்றது. பேச்சு இழுத்து இழுத்து வந்தது.

அம்மா பெட்டியோடு வந்து நின்றாள். தலை வாரியிருந்தாள்.

பிரின்சிபால் பெட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னா உடனே பெட்டியைத் தூக்கிட்டு வந்துடறதா? நீ வந்தா என் வீட்டுல நிம்மதி போயிடும்மா. என் பெண்டாட்டியைச் சொல்லிக் குத்தமில்லை. எனக்கே முடியாது. ராத்திரி பூரா நீ இருமறதைக் கேட்டுக்கிட்டு எவன் தூங்குவான்?"

அம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"தலை சுத்துது. என்ன பேசினேன்னே தெரியலை. எல்லாம் இந்தப் பாழாப்போன போதை."

காரை அங்கேயே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி நடந்து, டாக்சியில் ஏறிப் போய்விட்டார்.

தங்கை புருஷனைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"எவ்வளவு ஊத்தித் தொலைச்சீங்க?"

"ஒரு சொட்டுகூட இல்லை."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அத்தை கேட்டப்ப இல்லைன்னு சொல்ல மனசு வரலை. ஊத்திக் கொடுக்கவும் மனசு வரலை. யூசு சாறு, தேன், சோடா, காரத்துக்குக் கொஞ்சம் இஞ்சி. அவ்வளவுதான். எனக்கு மட்டும் தனியாக் கலந்தா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நானும் அதையேதான் குடிக்கறேன். மச்சானுக்கும் அதேதான் கொடுத்தேன்."

"அப்ப அண்ணன் தள்ளாடினது?"

"அது அவரோட திறமை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

"அத்தைக்கு இது தெரிய வேண்டாம். மகன் போதையில பேசிட்டான்னே நினைச்சுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அம்மாவின் அறைக்குப் போனார். தங்கையும் பின்னாலேயே போனாள்.

அம்மா துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, தப்பு என் மேலதான். கை தவறி மச்சானுக்குக் கொஞ்சம் ஸ்ட்ராங்காப் போட்டுட்டேன். போதையில பேசறதெல்லாம் ஒரு பேச்சா?"

"அதானே மாப்பிள்ளை. பழக்கமில்லாதவன், பாவம்," என்றாள் அம்மா. "நாளைக்கு எனக்குக் கொஞ்சம் லைட்டாவே போடுங்க."

அவர் முகம் தெளிந்து வெளியே போனார். அம்மா கதவைச் சாத்திவிட்டு மகளிடம் திரும்பினாள்.

"உங்கப்பா குடிச்ச கிளாஸைக் காலம் பூரா கழுவினவடி நான். ஜின் எது, ஜூஸ் எதுன்னு எனக்குத் தெரியாதா? உன் புருஷன்கிட்ட சொல்லிடாதே. நான் நம்பிட்டேன்னு நிம்மதியாப் போறார்."