மூன்றாவது வட்டம்

மூன்றாம் முறை நீட் எழுதவிருந்த பிருந்தா, விலங்கியல் பட்டப்படிப்பையும் மாலைநேரக் கோச்சிங்கையும் ஒரே அட்டவணைக்குள் அடக்க, நம்பிக்கை வராமல் அதை நான்கு தடவை அழித்து எழுதியிருந்தாள். "காலேஜ்ல ஒரு அரியர் விழுந்துச்சுன்னா, டாக்டர் கனவ மூட்டை கட்டிரு" என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

செமஸ்டர் தேர்வில் தவளையின் இதயத்தை விவரிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால், இரண்டு வருடமாக நீட் விடைத்தாளின் நான்கு வட்டங்களில் ஒன்றைக் கறுப்பாக்கியே பழகிய கைக்கு முதல் வாக்கியம் வரவில்லை.

"ஏம்மா, பக்கம் பூரா வட்டமா போட்டு வெச்சிருக்க? பத்து நிமிஷந்தான் இருக்கு, எழுதும்மா" என்றார் மேற்பார்வையாளர்.

"எழுதிட்டுதான் மேடம் இருக்கேன்" என்ற பிருந்தா, தாளின் கடைசி வரிசையில் மூன்றாவது வட்டத்தை விளிம்பு தாண்டாமல் நிரப்பத் தொடங்கினாள்.