ஐம்பத்தாறாம் வருஷத்துக் கிட்டார்

கிட்டார் கடைக்காரன் வெர்லன் புதுப்பித்து வைத்திருந்த ஐம்பத்தாறாம் வருஷத்துப் பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்தால், டல்சா நகரத்துச் சூரியனே கூலிங் கிளாஸ் கேட்கும்!

கடைக்கு வந்த கிழவர் கிளைட் அதை வாசித்துப் பார்த்தார்.

“திருட்டுப்போன என் கிட்டாரோட சத்தம் அச்சு அசலா இதேதான், தம்பி. முப்பது வருஷமா தேடறேன்.”

“பின்னாடி திருப்பிப் பாருங்க பெரியவரே! பூதக்கண்ணாடி வெச்சாலும் ஒரு கீறல் சிக்காது!”

திருப்பினார். அவர் முகம்தான் அதில் பளபளத்தது.

“அப்ப இது இல்லப்பா. என் மக ஆறு வயசுல ஆணியால தன் பேரைக் கீறி வெச்சிருந்தா. அடுத்த மாசமே காய்ச்சல்ல போயிட்டா. அவ கையெழுத்துன்னு இருந்தது அது ஒண்ணுதான். வெறும் கிட்டார் யாருக்கு வேணும்?”

வெர்லன் கிட்டாரை வாங்கி மறுபடி ஸ்டாண்டில் வைத்தான். கிழவர் போய்விட்டார்.

‘ரோசலின்’ என்று கோணல்மாணலாக இருந்த அந்தப் பெயரை உப்புத்தாளால் தேய்த்து அழிக்க, அவனுக்கு முழுசாக மூன்று நாள் பிடித்திருந்தது.