பட்டனுக்குப் புள்ளி வந்த கதை

வகுப்பின் முன்னால், கதை வாசிக்கிறவருக்கென்று போட்ட கதை நாற்காலியில் முதலில் ஏறி உட்கார்ந்தவன் ரஃபேல். பட்டன் சாக்லேட் பாலில் விழுந்துவிட்டது, அதனால்தான் காதுக்குப் பின்னால் பழுப்புப் புள்ளி என்று வாசித்தான்.

நான்காம் வகுப்பு கைதட்டியது. கிரெட்சன் டீச்சர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். தட்டாமல் என்ன செய்வாள்?

பட்டன், வகுப்பில் வளர்க்கும் ஹாம்ஸ்டர் எலி. சனிக்கிழமை கூண்டைத் துடைக்கப் போன டீச்சர், அது விறைத்துக் கிடந்ததைப் பார்த்தாள். செப்டம்பரில் பட்டனோடு எடுத்த வகுப்புப் படத்தைக் காட்டி டுலூத் நகரில் கடை கடையாக ஏறி இறங்கி, அதே சாம்பல் நிறத்தில் இன்னொன்றை வாங்கிவந்தாள். புள்ளியைக் கவனித்தது வீட்டுக்கு வந்த பிறகு.

பின்னத்துக்கு ஒரு கதை, பனிப்புயலுக்கு ஒரு கதை என்று கதையாலேயே பாடம் நடத்திப் பேர் வாங்கியவள். இதற்கா வழி தெரியாது? 'பட்டனுக்குப் புள்ளி வந்த கதை எழுதுக' என்று பலகையில் எழுதிப் போட்டாள். தான் சொல்ல வேண்டிய பொய்யைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு, கற்பனைத்திறன் பயிற்சி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தாள்.

பிள்ளைகள் அழுவதைப் பார்க்கத் தைரியமில்லை, அவ்வளவுதான். அதிலும் டில்டா அழுதால் தாங்காது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சீட்டுக் குலுக்கியதில் பட்டனை வீட்டுக்குக் கொண்டுபோனவள் அவள்தான். அவ்வளவு பாசம். என்னவோ, ஜனவரியிலிருந்து அந்தப் பெண் ஒரு வரி எழுதவில்லை. டீச்சரின் எந்த வித்தையும் அவளிடம் பலிக்கவில்லை.

இன்று டில்டா கை தூக்கினாள்.

என் கதைப் பாடம் கடைசியில் ஜெயித்துவிட்டது என்று கிரெட்சன் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

டில்டா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து வாசித்தாள்.

"பட்டன் கிறிஸ்துமஸ் அன்னிக்கு எங்க வீட்லயே செத்துப்போச்சு. அம்மா வேற ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க. அதுக்கு ஒரு கால் மட்டும் வெள்ளை. மிஸ் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு தினமும் பயந்துகிட்டே வந்தேன். கண்டுபிடிக்கவே இல்ல." தாளை மடித்தாள். "இப்ப இருக்கறது அதுவும் இல்ல."

'எழுதுகிறவர் எதையும் உற்றுப் பார்ப்பார்' என்று கிரெட்சன் தானே வண்ணத்தில் எழுதி ஒட்டியது எதிர்ச் சுவரில் இருந்தது. மாதக்கணக்கில் தன் கையால் தீனி போட்டிருக்கிறாள். வெள்ளைக் காலாம்! சனிக்கிழமை இறுகிய மண்ணைக் கொத்திக் குழி தோண்டி, என் பட்டனே என்று மூக்கைச் சிந்தி அழுது புதைத்தது யாரையோ.

வாசித்தவரிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அதுவும் டீச்சர் போட்ட சட்டம்தான். ரஃபேல் கேட்டான், அந்த வெள்ளைக்கால் எங்கே போனது என்று.

டில்டா உதட்டைக் கடித்துக்கொண்டு தெரியாது என்று தலையாட்டினாள். தான்தான் அதையும் ஏதோ செய்துவிட்டது போல அவள் கண் நிறைந்துவிட்டது.

கிரெட்சன் எழுந்து முன்னால் போனாள். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"கொஞ்சம் நகர்ந்து இடம் குடும்மா," என்றாள். "மீதிக் கதை என்கிட்ட இருக்கு."