வலிக்காத கால்கள்

மேலுதடு முழுக்கச் சோப்பு நுரையோடு குளியலறைக் கண்ணாடி முன் நின்ற கடிகாரக்கடைக்காரருக்கு ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை.

வலியே இல்லாத காலை வைத்துக்கொண்டு எப்படித் தோற்றார்?

போட்டி அவருக்கும் மைத்துனனுக்கும். குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டில் தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஓட வேண்டும். தோற்றவர் மீசையை எடுக்க வேண்டும்.

பயிற்சியை ஒன்றாகத்தான் தொடங்கினார்கள். முதல் நாள் பாதி வழியிலேயே இருவருக்கும் நாக்குத் தள்ளியது.

மறுநாள் மைத்துனன் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகப் படி இறங்கினான். நாற்காலியில் உட்காரவே அவனுக்கு ஆள் வேண்டியிருந்தது.

இவரோ பூப்போல எழுந்து கடைக்குப் போனார். காலையும் மாலையும் மனைவி நீட்டிய ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரைகளின் மகிமை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

வாரங்கள் ஓடின. முனகிக்கொண்டிருந்தவன் வேகம் பிடித்தான். இவர் வலியில்லாமல் அதே இடத்தில் நின்றார்.

"அத்தான், பிளேடு மழுங்கிடுச்சுன்னா சொல்லுங்க, புதுசு வாங்கியே வெச்சிருக்கேன்." கூடத்திலிருந்து மைத்துனன் குரல் கொடுத்தான்.

கதவில் சாய்ந்து நின்ற மனைவி, ஊரார் முழங்காலையெல்லாம் மடக்கி நீட்டிச் சரிசெய்யும் பிசியோதெரபிஸ்ட். கணவர் கேட்டதும் பொறுமையாக விளக்கினாள்.

பழக்கமில்லாமல் உழைத்த தசைக்குள் சில முரட்டு மூலக்கூறுகள் கிளம்பும். கொஞ்சம் அழற்சியும் வரும். பார்க்கச் சேதாரம்போல இருந்தாலும் உடம்புக்கு அது ஒரு தகவல்: இந்த இடம் தாங்கவில்லை, பலப்படுத்து. அதைக் கேட்டுத்தான் தசை தேறும். அந்த மூலக்கூறுகளை அடக்குவதுதான் இந்த மாத்திரையின் வேலை; அதை அளவுக்கு மிஞ்சி விழுங்கினால், தகவல் கொண்டுபோகிறவனை வாசலிலேயே மடக்கியதுபோல ஆகிவிடலாம். எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆகலாம்.

கடிகாரக்கடைக்காரர் நுரைக்குள்ளேயே சிரித்தார். ரேஸரைக் கீழே வைத்தார்.

"அப்போ தோத்தது நானில்ல, மாத்திரை. அதை நிறுத்திட்டு மறுபடி ஓடறேன்னு உன் தம்பிகிட்ட சொல்லு."

"நிறுத்துங்க, கால் தேறிடும்" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு லேசாக உறைத்தது.

"இதெல்லாம் உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

அவள் ரேஸரை எடுத்துக் குழாயில் காட்டினாள். மறு கையால் அவர் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன், இந்த மீசையை எடுங்கன்னு. வாயால சொன்னா கேக்கல, மாத்திரையால சொன்னேன். அசையாதீங்க."